வாசகர் கேள்வி பதில்: அடியில் இருக்கும் புடவைதான் பழையது

போன இதழில் ம்புமலங்கா மாகாணத்துப் பிளைடு ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி இரண்டு பத்திதான் எழுதினேன். பாறை அடுக்குகளில் பழங்கால உயிர்கள் பதிந்து கிடப்பதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று கடைசி வரியில் சேர்த்திருந்தேன். கடிதம், வாட்ஸ்அப், குரல்பதிவு என்று வந்து குவிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. நிறையப் பேர் கேட்ட சிலவற்றையும், ஒரே ஒருவர் கேட்டிருந்தாலும் படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகாத ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். அந்தக் கடைசிக் கடிதத்தைப் பெற்றோர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

பிளைடு பள்ளத்தாக்கில், வட்டக் குடிசை வடிவத்தில் நிற்கும் மூன்று ரொண்டாவெல் மலைகளைப் பார்க்கும் முனையில் நின்றால் எதிரே அடுக்கடுக்காகப் பாறை தெரிகிறது. அதற்குள் டைனோசர் எலும்பு நிறைய இருக்குமே, ஏன் யாரும் தோண்டவில்லை?
– வாசகர், லெனேசியா

அந்தப் பாறை டைனோசரைவிட ரொம்ப ரொம்பப் பழசு, அதனால்தான். அங்கே செங்குத்தாக நிற்கிற குவார்ட்சைட்டும் (மணல் இறுகிய கல்), மேற்கே போகப் போக அதன்மேல் படிந்திருக்கிற டாலமைட்டும் (சுண்ணாம்புக்கல் வகை) 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. முதல் டைனோசர் வந்து 23 கோடி ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. அந்த மணல் படிந்தபோது உலகத்தில் எலும்பு என்று ஒன்று உண்டாகவே இல்லை. எலும்பு மட்டுமா, இலை இல்லை, வேர் இல்லை, புழு இல்லை, நத்தை இல்லை.

அடுக்கு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அம்மாவின் ட்ரங்க் பெட்டியைத்தான். அடியில் கல்யாணப் புடவை, அதன்மேல் தலைப்பிள்ளை பிறந்தபோது எடுத்தது, அதற்கும் மேலே போன தீபாவளிக்கு வாங்கியது. யாரும் கலைக்காதவரை அடியில் இருப்பதுதான் பழசு. ஆறு என்ன செய்கிறதென்றால் அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து நமக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். பெட்டி திறந்த நாள் வேறு, புடவை வாங்கிய நாள் வேறு. பிளைடு பள்ளத்தாக்கு ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளம். ஆறு அதை அறுத்தது பாறை உருவாகி எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. இந்த இரண்டு வயதையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

சரி, எலும்பு இல்லை, அப்படியானால் உயிரே இல்லையா? இருக்கிறது. டாலமைட்டில் இருக்கிறது. ஊர்க் குளத்தின் கடைசிப் படியில் கால் வைத்தால் வழுக்குமே ஒரு பாசி, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் தரையில் நீலப்பச்சைப் பாசி அப்படி ஒரு விரிப்பாகப் படர்ந்தது. அலை கொண்டுவந்த மெல்லிய சுண்ணாம்புத் துகள் அதன்மேல் ஒட்டியது, வெளிச்சம் தேடிப் பாசி அந்தத் துகளுக்கு மேலே ஏறி மறுபடி படர்ந்தது, மறுபடி துகள் ஒட்டியது, மறுபடி ஏறியது. இப்படியே ஆயிரக்கணக்கான மெல்லிய அடுக்காக வளர்ந்து கவிழ்த்த கிண்ணம் போல மேடு மேடாகக் கல்லானது. அதன் பெயர் ஸ்ட்ரோமட்டோலைட். ம்போம்பெலா பக்கம் சுட்வாலா குகைக்குப் போனால் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள், வட்ட வட்டமாக வரியோடு தெரிவது அதுதான். வழிகாட்டி அதைக் கடந்து வேகமாகப் போனால் நிறுத்திக் கேளுங்கள்.

இந்தப் பாசிதான் சூரிய ஒளியில் உணவு செய்து ஆக்சிஜனைக் கழிவாக வெளியே விட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் விட்டு விட்டு, சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்னால் காற்றிலேயே ஆக்சிஜன் தங்க ஆரம்பித்தது. நாம் மூச்சு விடுவதற்கு அந்தப் பாசி போட்ட அஸ்திவாரம்தான் காரணம். இதைவிடப் பெரிய காட்சி அந்த மலையில் வேறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இன்னும் பழசு பார்க்க வேண்டுமென்றால் அதே மாகாணத்தில் பார்பர்ட்டன் மகோன்ஜ்வா மலைகள் இருக்கின்றன, 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அங்கே 320 கோடி ஆண்டுக்கு முந்திய மணற்பாறையில் நுண்ணுயிர் விரிப்பின் தடம் இருக்கிறது. அப்புறம், இன்றைக்கும் உயிரோடு வளர்கிற ஸ்ட்ரோமட்டோலைட் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, நம்முடைய க்கெபெர்ஹா பக்கத்துக் கடலோரப் பாறைகளிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பக்கம் ஏதாவது உண்டா? க்ரான்ட்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறோம், குழந்தைகளுக்கு ஃபாசில் (புதைபடிவம்) காட்ட முடியுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

அங்கே எலும்போ ஓடோ எதிர்பார்த்துப் போகாதீர்கள், குழந்தைகள் ஏமாந்துவிடும். அந்தச் சிவந்த மணற்பாறை ஏறக்குறைய 49 கோடி ஆண்டுக்கு முன் ஆறுகள் கொட்டிய மணல். அந்தக் காலத்தில் உயிர்கள் கிட்டத்தட்ட எல்லாமே கடலில்தான் இருந்தன. பாறையை உற்றுப் பார்த்தால் சாய்ந்த வரிகள் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு அது சாட்சி. குழந்தைகளை அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கலாம். டர்பன் சுற்றுவட்டாரக் குவாரிகளில் உடைக்கிற நீலச்சாம்பல் கல்லில், சின்னதும் பெரியதுமாக வேறு வேறு நிறக் கற்கள் கேசரியில் முந்திரி போலப் பதிந்திருக்கும். அது ட்வைக்கா பாறை, சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன் இங்கே பனிப்பாளம் அரைத்து விட்டுப்போன சேறும் கல்லும். நம் டர்பனில் பனிப்பாளம்! அப்போது இந்த நிலம் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

25 கோடி, 30 கோடி என்று சர்வசாதாரணமாக எழுதுகிறீர்கள். யார் போய்ப் பார்த்தது? கார்பன் சோதனை எல்லாம் நம்பிக்கையானதா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் கார்பனை விட்டுவிடுங்கள். கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டு வரைக்கும்தான் கைகொடுக்கும், அதற்குமேல் அளக்க மிச்சமே இருக்காது. இவ்வளவு பழைய பாறைக்குப் பயன்படுத்துவது யுரேனியம். எரிமலை வெடித்துச் சாம்பல் விழும்போது அதில் ஸிர்கான் என்ற கடுகைவிடச் சின்ன படிகங்கள் இருக்கும். அந்தப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட விடவே விடாது. பிறகு உள்ளே இருக்கும் யுரேனியம் ஒரே வேகத்தில் சிதைந்து ஈயமாகிக்கொண்டே வரும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், யுரேனியம் 235-க்கு சுமார் 70 கோடி. ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள், காட்டாவிட்டால் அந்தப் படிகம் இடையில் ஏதோ பாதிப்புக்கு ஆளாகியிருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். சாம்பல் அடுக்குக்கு மேலே கிடக்கும் எலும்பு அதைவிட இளையது, கீழே கிடப்பது மூத்தது. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டில் விரிந்து கிடக்கும் வறண்ட கரூ நிலத்தில் இப்படித்தான் பல அடுக்குகளுக்கு வயது கட்டியிருக்கிறார்கள்.

ட்ரங்க் பெட்டி உதாரணத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. யாராவது பின்னால் வந்து நடுவில் ஒரு புதுப் புடவையைச் செருகியிருந்தால்? பூமியிலும் அது நடந்திருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுக்கு முன் டிராக்கன்ஸ்பெர்க் உச்சியில் இருக்கும் எரிமலைப் பாறை வழிந்தோடிய அதே சமயத்தில், அடியில் பழைய படிவுகளின் இடுக்குகளில் அந்த நெருப்புக்குழம்பு புகுந்து டாலரைட்டாக இறுகியது. கிராஃப்-ரைநெட் பக்கம் ‘பாழ் பள்ளத்தாக்கு’ என்று பெயர் பெற்ற இடத்தில் தூண் தூணாக நிற்பது அந்தக் கல்தான். இடையில் செருகியது என்று எப்படித் தெரியும்? மேலும் கீழும் இருக்கிற இரண்டு பக்கத்துப் படிவும் சூடுபட்டு மாறியிருக்கும். முதலிலேயே வழிந்து கிடந்த குழம்பாக இருந்தால் கீழ்ப்பக்கம் மட்டும்தான் சூடுபட்டிருக்கும். மேலே வந்த மண் பிறகுதானே விழுந்தது.

எல்லாமே முடிந்துபோன கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 25 கோடியே 20 லட்சம் ஆண்டுக்கு முன் நடந்த மாபெரும் அழிவில் கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கும் மேலானவை மறைந்தன. அதில் சந்தேகமில்லை. ஆனால் கரூ பாறையில் அந்த எல்லைக்கோடு சரியாக எந்த அடுக்கில் ஓடுகிறது என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சாம்பல் படிகம் ஒன்று புதிதாகக் கிடைத்தால் கோடு நகர்கிறது. இப்படித் திருத்திக்கொள்வதனால்தான் நான் இவர்களை நம்புகிறேன்.

அங்கிள், எனக்குப் பத்து வயது. டைசினோடான் டைனோசரா? ஒரே பொந்துக்குள் இரண்டு மிருகம் சேர்ந்து தூங்கி அப்படியே கல்லாகிவிட்டதாம், நிஜமா?
– டோங்காட்

டைனோசர் இல்லை கண்ணு. டைனோசர் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு முன்னாலேயே இருந்தது. ஆமைக்கு இருப்பது போல அலகு, மேலே இரண்டு கோரைப்பல், பன்றி மாதிரி குட்டையான உடம்பு. இன்னொரு விஷயம் சொல்கிறேன், உன் டீச்சரிடமும் சொல்: பல்லியோடும் டைனோசரோடும் இருப்பதைவிட, டைசினோடானுக்கு உன்னோடுதான் சொந்தம் நெருக்கம். பாலூட்டிகள் கிளைத்து வந்த அதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1838-இல் ஃபோர்ட் போஃபர்ட் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஆண்ட்ரூ கெடெஸ் பெய்ன் என்பவர் அந்த மண்டையோட்டைக் கண்டெடுத்தார். லண்டனுக்கு அனுப்பினார், ரிச்சர்ட் ஓவன் 1845-இல் ‘இரண்டு நாய்ப்பல்’ என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்.

பொந்துக் கதை முழுக்க முழுக்க நிஜம், அதுவும் நம் க்வாஸூலு-நடால் மாகாண எல்லையில் நடந்தது. 1975-இல் ஜேம்ஸ் கிட்சிங் என்பவர் ஒலிவியர்ஸ்ஹூக் கணவாயில், அதாவது பெர்க்வில்லிலிருந்து ஹாரிஸ்மித் போகிற மலைப்பாதையில், மண் நிரம்பிக் கல்லான ஒரு பொந்தைக் கண்டுபிடித்தார். வெளியே கொஞ்சம் எலும்பு தெரிந்தது, அவ்வளவுதான். உடைத்துப் பார்த்தால் கெட்டுப்போகும். பல ஆண்டு கழித்து அதைப் பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் இருக்கிற மிகப் பலமான எக்ஸ்ரே கருவியில் வைத்து, கல்லைத் தொடாமலே உள்ளே பார்த்தார்கள். ஒரு த்ரினாக்ஸோடான் படுத்திருந்தது. பூனை அளவு, பாலூட்டிகளின் தூரத்து உறவு. அதோடு ஒட்டிக்கொண்டு, தவளைக்குத் தூரத்துச் சொந்தமான நீருயிர் ஒன்று, ப்ரூமிஸ்டெகா. அதன் விலா எலும்புகள் வரிசையாக உடைந்து, பிறகு ஆற ஆரம்பித்திருந்தன. அதாவது அடிபட்டும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கிறது. த்ரினாக்ஸோடான் கடித்த அடையாளம் இல்லை. வறட்சிக் காலத்தில் அது நீண்ட தூக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அடிபட்ட பிராணி நிழல் தேடி உள்ளே ஊர்ந்து வந்திருக்க வேண்டும், அது விரட்டவில்லை, பிறகு வெள்ளச் சேறு வந்து பொந்தை மூடிவிட்டது என்று 2013-இல் எழுதினார்கள். 25 கோடி ஆண்டாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. எனக்கு இதை எழுதும்போது கண் கலங்குகிறது.

இந்தக் கிட்சிங் தன் ஏழாவது வயதிலேயே ஃபாசில் கண்டுபிடித்தவர், அவருடைய அப்பாவும் ரோடு போடும் வேலைதான். 1976-இல் கோல்டன் கேட் பூங்காவில் ரோட்டோரம் வெட்டிய பாறையில் மசோஸ்பாண்டிலஸ் டைனோசரின் முட்டைகளையும் அவர்தான் கண்டார். முட்டை 6, 7 சென்டிமீட்டர்தான், உள்ளே குஞ்சின் எலும்பு அப்படியே இருந்தது. அதை நன்றாகச் சுத்தம் செய்து ஆராய்ந்து 2005-இல்தான் உலகத்துக்குச் சொல்ல முடிந்தது. அவசரப்படாத வேலை இது.

மாமியார் காசிக்குப் போனபோது ஒரு சாளக்கிராமம் வாங்கி வந்தார். முப்பது வருஷமாகப் பூஜையில் இருக்கிறது. பள்ளியில் படித்துவிட்டு வந்த பேரன், ‘அது செத்துப்போன நத்தை, ஃபாசில்’ என்கிறான். மாமியார் சாப்பிடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். யார் சொல்வது சரி?
– வாசகி, வெருலம்

பேரன் சொன்னதில் பாதி சரி. ஃபாசில்தான், ஆனால் நத்தை இல்லை. அம்மோனைட் என்று பெயர், கணவாய் மீனுக்கும் ஆக்டோபஸுக்கும்தான் சொந்தம். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்தது. வளர வளரப் பழைய அறையைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு முன்னால் நகர்ந்து புது அறையில் குடியேறும். கல்லில் சக்கரம் போல வரிவரியாகத் தெரிகிறதே, அந்தச் சுருளும் வரிகளும் அதன் வீட்டமைப்புதான். நேபாளத்தில் கண்டகி ஆறு இமயமலைப் பாறையை அறுத்துக்கொண்டு வரும்போது கருப்புக் களிப்பாறையிலிருந்து உருட்டிக்கொண்டு வருவது இது. சுமார் 14, 15 கோடி ஆண்டுக்கு முந்தியது. கடல் பிராணி இமயமலைக்கு எப்படிப் போனது என்றால், அந்த மலை இருந்த இடம் அப்போது கடல்தரை. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டி அந்தத் தரையையே வானத்துக்குத் தூக்கிவிட்டது.

அந்த இந்தியா எங்கிருந்து கிளம்பியது? இங்கிருந்துதான் அம்மா. ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, தென்னமெரிக்கா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டியிருந்தது, கோண்டுவானா என்று பெயர். பெயரே நடு இந்தியாவின் கோண்டு மக்களிடமிருந்து வந்ததுதான். கரூவில் கிடைக்கிற லிஸ்ட்ரோசாரஸ் என்ற டைசினோடான் வகை வங்காளத்து ராணிகஞ்ச் பக்கத்துப் பாறையிலும் கிடைக்கிறது, 1969-இல் அண்டார்டிகாவிலும் கிடைத்தது. கடலை நீந்திக் கடக்கிற பிராணி இல்லை அது, நடந்துதான் போயிருக்கும். நம் முன்னோர் 1860-இல் இந்தியாவிலிருந்து நடாலுக்குக் கப்பலேறிக் கடந்த கடல் அப்போது உண்டாகவே இல்லை.

மாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள்: பூஜை அப்படியே நடக்கட்டும். உயிரோடு இருந்த ஒன்று கல்லாகிப் பதினைந்து கோடி ஆண்டு காத்திருந்து உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது, அதைக் கும்பிடுவதில் அறிவியலுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்த அறைகளை எண்ணச் சொல்லுங்கள். மாமியார் முதலில் சாப்பிடட்டும்.

நம் பக்கத்திலும் அம்மோனைட் உண்டு. போர்ட் எட்வர்டைத் தாண்டி ம்ஸாம்பா கடற்கரையில், கல்லாகிப்போன மரக்கட்டைகளோடு சேர்ந்து கிடக்கிறது. பார்க்கலாம், எடுக்கக் கூடாது. ஏன் கூடாது என்பது அடுத்த கடிதத்தில்.

டிசம்பர் விடுமுறையில் கரூவில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். வறண்ட ஓடையில் என் பையன் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கல்லை நெம்பி எடுத்துவிட்டான், கூடவே எலும்பு போல இன்னும் இரண்டு துண்டு. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். இரண்டு மாதமாக ஷோகேஸில் இருக்கிறது. உங்கள் கட்டுரை படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. திட்டாமல் பதில் சொல்லுங்கள்.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

திட்ட மாட்டேன். உங்களுக்கு என் தாத்தாவின் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாத்தா டன்டீ பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1913-இல் தம்பி நாயுடுவும் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்களே, அப்போது அவருக்குப் பதினாறோ பதினேழோ. அந்த நிலக்கரியே ஒரு காடுதான். 27, 28 கோடி ஆண்டுக்கு முன் பனி விலகிய சதுப்பில் வளர்ந்த க்ளாசாப்டெரிஸ் மரங்கள் விழுந்து, மக்க முடியாமல் நீரில் அமிழ்ந்து, அழுந்திக் கரியானவை. நம் ஆட்கள் முதுகு ஒடிய வெட்டியது அந்தக் காட்டை. கரிக்கு மேலே இருக்கும் களிப்பாறையில் இலைகள் பதிந்திருக்கும். தாத்தா ஒருநாள் அப்படி ஒரு தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாக்கு வடிவத்தில் இலை, நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் வலை பின்னினாற்போல மெல்லிய நரம்புகள். ஆயா அதை ஊறுகாய் ஜாடி மூடிக்குப் பாரமாக வைத்திருந்தார்.

எனக்கு அது என்ன என்று புரிந்தபோது தாத்தா இல்லை. கல்லை எடுத்துக்கொண்டு நிலவியல் தெரிந்த ஒருவரிடம் போனேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, “எந்தச் சுரங்கம்? எந்தக் கரி அடுக்குக்கு மேலே? கல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது?” என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இலையின் பெயர் எனக்குத் தெரியும். மரம் எங்கே நின்றது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ராபர்ட் ஸ்காட்டும் தோழர்களும் பனியில் செத்துப்போனார்கள். அவர்களின் சறுக்குவண்டியில் ஏறக்குறைய 16 கிலோ பாறை இருந்தது, அதில் இதே க்ளாசாப்டெரிஸ் இலை. அந்தப் பாறை எந்த இடத்தில் எடுத்தது என்பது அவர்கள் குறிப்பில் இருந்தது. அதனால்தான் அண்டார்டிகாவிலும் இந்தக் காடு நின்றது என்று உலகம் அறிந்தது. எங்கள் வீட்டுக் கல்லும் அதே இலைதான். இடம் தெரியாததால் அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஒரு எலும்பு அடுக்கில் கிடக்கும் விதத்திலேயே பாதிச் செய்தி இருக்கிறது. கரூவில் டீக்டோடான் என்ற சின்னப் பிராணி, திருகாணி போலச் சுழன்று இறங்கும் பொந்தின் அடியில் சுருண்டு கிடந்த நிலையில் கிடைத்திருக்கிறது. எலும்பை மட்டும் உருவி எடுத்திருந்தால் அது பொந்து தோண்டியது என்றே தெரிந்திருக்காது. பக்கத்தில் சேறு வெடித்த கோடு இருக்கலாம், வேர் போன தடம் இருக்கலாம், நடந்த கால்தடம் இருக்கலாம், சாணம்கூடக் கல்லாகிக் கிடக்கலாம். உங்கள் பையன் பார்த்த அந்த ‘பல்’ ஒரு டைசினோடானின் கோரைப்பல்லாக இருந்தால், மண்டையோட்டின் மீதி இன்னும் அந்த ஓடைக்கரைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

சட்டம் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி இந்த நாட்டின் புதைபடிவங்கள் எல்லாமே அரசின் உடைமை. அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுக்கவோ, உடைக்கவோ, விற்கவோ, வெளிநாடு கொண்டுபோகவோ கூடாது. பண்ணை தனியார் நிலமாக இருந்தாலும், ஓடையில் தானாகக் கிடந்தாலும் இதே விதிதான். ஆனால் தெரியாமல் எடுத்ததைத் தாமாக முன்வந்து சொல்கிற குடும்பத்தை ஆய்வாளர்கள் வரவேற்கத்தான் செய்வார்கள். நல்ல கண்டுபிடிப்புகளில் பல, ரோடு போட்டவர்களும் பண்ணைக்காரர்களும் குழந்தைகளும் கண்டு சொன்னவைதானே.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கல்லைக் கழுவ வேண்டாம், பசை போட்டு ஒட்ட வேண்டாம், ஒட்டியிருக்கும் மண்ணையும் சுரண்ட வேண்டாம், அந்த மண்ணும் சாட்சி. மூன்று துண்டையும் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். யாரும் பார்க்காமல் எங்கேயாவது ஓடையில் திரும்பப் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வேறு அடுக்கில் போய்க் கிடந்தால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். அன்றைக்கு உங்கள் போனில் எடுத்த படங்களைத் தேடுங்கள், பையன் ஓடையில் நிற்கிற படம் ஒன்று இருந்தால் அதில் இடக்குறிப்பு பதிந்திருக்கலாம், அதுவே பொன் மாதிரி. பண்ணைக்காரரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு தென்னாப்பிரிக்கப் பாரம்பரிய வளங்கள் முகமைக்கோ, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பரிணாம ஆய்வு நிறுவனத்துக்கோ படத்தோடு எழுதுங்கள். கரூ எலும்புகளை அங்கே தலைமுறை தலைமுறையாக ஆராய்கிறார்கள். கொண்டுவரச் சொன்னால் கொண்டுபோங்கள், காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

அடுத்த முறை கரூவுக்குப் போனால் நியூ-பெதெஸ்டாவில் கிட்சிங் பெயரில் இருக்கிற புதைபடிவ மையத்துக்குப் பையனை அழைத்துப் போங்கள். ஊரை ஒட்டிய வறண்ட ஆற்றுப்படுகைக்கு நடத்திக் கூட்டிப்போய், பாறையில் பதிந்தபடியே இருக்கும் எலும்புகளைக் காட்டுவார்கள். கை படாமல் பார்ப்பதும் எவ்வளவு சந்தோஷம் என்று அங்கே தெரியும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று, இன்றைக்கு ராத்திரியே. பையனை உட்கார வைத்து ஒரு பேப்பரில் அந்த ஓடையை வரையச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தான், பாலம் இருந்ததா, கரை எந்த நிறம், கல் அவன் முழங்கால் உயரத்தில் இருந்ததா, தலைக்கு மேலே இருந்ததா, பல்லின் கூர்முனை எந்தப் பக்கம் பார்த்தது. நீங்கள் எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள், அவனே சொல்லட்டும். இரண்டு மாதம்தானே ஆகிறது, பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயம் நன்றாக நினைவிருக்கும். தேதி போட்டு, அவன் பெயரை எழுதி, அந்தப் படத்தைக் கல்லோடு சேர்த்து வையுங்கள்.